ஒன்றுக்கு முப்பத்திரண்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். தெரிந்த குடும்பத்துப் பையன், இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். உட்காரச் சொன்னேன். மோர் கொடுத்தேன். வெயிலைப் பற்றியும் என் முழங்கால் வலியைப் பற்றியும் கால் மணி நேரம் விசாரித்தான். அதற்கப்புறம்தான் சட்டைக்குள்ளிருந்து மடித்த கவரை எடுத்தான்.

"அத்தை, நீங்க லேப்ல இருந்தீங்கள்ல. இதைக் கொஞ்சம் பாருங்க. வீட்டுல யாருக்கும் தெரியாது."

வளைகுடா வேலைக்காக எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட். எல்லாம் சரியாக இருந்தது, ஒரு வரியைத் தவிர. டிபிஹெச்ஏ பாசிட்டிவ்.

மூன்று வருடத்துக்கு முன்னால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள் வந்திருக்கின்றன. அரிப்பில்லை, வலியில்லை. அரசு மருத்துவமனையில் சிபிலிஸ் என்று சொல்லி, இரண்டு பக்கமும் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். சில நாளில் புள்ளிகள் மறைந்துவிட்டன. "அப்போ அந்த ஊசி வேலை செய்யலையா அத்தை? மூணு வருஷமா எனக்குள்ளேயே இருந்திருக்கா?" என்று கேட்டான். குரல் உடைந்துவிட்டது.

"ஊசி போட்ட பிறகு திரும்ப ரத்தம் கொடுத்தியா?"

"வரச் சொன்னாங்க. எல்லாம் சரியாப் போச்சேன்னு போகல."

"முதல்ல எடுத்த ரிப்போர்ட் எங்க?"

"யாராவது பார்த்துடுவாங்கன்னு கிழிச்சுப் போட்டுட்டேன்."

முப்பது வருடத்துக்கு மேல் அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் இந்தச் சோதனையைச் செய்தவள் நான். இந்த இரண்டு பதில்களையும் இதே வரிசையில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஊசி பாதி வேலைதான். மீதிப் பாதி, அதற்குப் பிறகு எடுக்கிற ரத்தத்தில் இருக்கிறது. அந்த ரத்தத்துக்கு அர்த்தம் கொடுப்பது முதல் நாள் எண்.

முதலில் டிபிஹெச்ஏ. இந்தச் சோதனை கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுவது. ஒருமுறை நோய் வந்து போனவர்களில் பெரும்பாலானோருக்கு இது ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். ரொம்ப ஆரம்பத்திலேயே மருந்து போட்டுக்கொண்ட சிலருக்கு இரண்டு மூன்று வருடத்தில் மாறுவதுண்டு. மற்றவர்களுக்கு அம்மைத் தழும்பு போலத்தான். தழும்பு இருப்பதால் அம்மை இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இந்த ஒன்றைச் சொன்னதுமே பையனின் முகத்தில் பாதிக் கலக்கம் வடிந்துவிட்டது. ஊசி போட்ட அன்றைக்கே யாராவது இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருக்கலாம்.

நோய் அடங்குகிறதா என்று சொல்லும் சோதனை வேறு. விடிஆர்எல், அல்லது ஆர்பிஆர். நம் பக்கம் "எனக்கு விடிஆர்எல் இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்றே ஆட்கள் சொல்வார்கள், நோயின் பெயரே அதுதான் என்பதுபோல. உண்மையில் அது 1946-இல் சோதனையை உருவாக்கிய அமெரிக்க ஆய்வகத்தின் பெயர்ச் சுருக்கம். இந்தச் சோதனைகள் கிருமியை நேராகத் தேடுவதில்லை. கிருமி நம் செல்களைச் சிதைக்கும்போது உடம்பு உண்டாக்குகிற வேறொரு எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. அதற்குத் தூண்டில் போல நாங்கள் பயன்படுத்துவது, மாட்டின் இதயத்திலிருந்து எடுக்கும் கார்டியோலிபின் என்ற கொழுப்பு.

ஆர்பிஆர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் எளிதில் புரியும். வெள்ளை அட்டையில் வட்டங்கள் இருக்கும். ஒரு வட்டத்தில் ஒரு சொட்டு சீரம். அதன்மேல் மெல்லிய கரித்தூள் கலந்த கார்டியோலிபின் கரைசல் ஒரு சொட்டு. சுழலும் மேடையில் வைத்து நிமிடத்துக்கு நூறு சுற்று என்று எட்டு நிமிடம் சுற்றவிட வேண்டும். எதிர்ப்பொருள் இல்லையென்றால் வட்டம் முழுக்க ஒரே சீரான சாம்பல் நிறம். இருந்தால் கரித்தூள் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக விலகி நிற்கும். வெறும் கண்ணுக்கே தெரியும். விடிஆர்எல் என்றால் கண்ணாடித் தட்டு, நான்கு நிமிடம், பிறகு மைக்ராஸ்கோப்.

இதோடு நிறுத்தினால் "ரியாக்டிவ்" என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். அடுத்து சீரத்தைப் பாதிப் பாதியாக நீர்க்கச் செய்வோம். சம அளவு உப்புநீர் சேர்த்தால் 1:2. அதிலிருந்து எடுத்து மறுபடி சம அளவு சேர்த்தால் 1:4. இப்படியே 8, 16, 32, 64. அரிசி கழுவுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: முதல் கழுநீர் பாலாக இருக்கும், எத்தனையாவது கழுவலில் தெளிகிறது என்று பார்ப்போம் இல்லையா, அதே கணக்குதான். எந்தப் படி வரைக்கும் கரித்தூள் கட்டி தெரிகிறதோ அதுதான் டைட்டர். 1:32 என்றால் முப்பத்திரண்டு மடங்கு நீர்த்த பிறகும் தெரிகிறது என்று அர்த்தம்.

மருந்து வேலை செய்தால் இந்த எண் இறங்கும். குறைந்தது இரண்டு படி இறங்க வேண்டும்: 32 இருந்தது 8 ஆக வேண்டும், 16 இருந்தது 4 ஆக வேண்டும். ஒரு படி ஏறுவதும் இறங்குவதும் கணக்கில் சேராது. ஒரே ரத்தத்தை ஒரே நாளில் இரண்டு தடவை செய்தாலும் ஒரு படி மாறலாம், சோதனையின் இயல்பு அப்படி. இது தெரியாமல் 8-இலிருந்து 16 ஆகிவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் எண்ணைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிது. ஒரு நாள் கூட்டம் அதிகம். ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் "ரியாக்டிவ்" என்று மட்டும் எழுதினேன், டைட்டர் போடவில்லை. அப்புறம் செய்துகொள்ளலாம் என்று எடுத்து வைத்த சீரத்தை அடுத்த நாள் தேடினால் கொட்டியிருந்தார்கள். அந்தப் பெண் ஊசி போட்டுக்கொண்டு போய்விட்டாள். பல மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது 1:8. அது 64-இலிருந்து இறங்கிய எட்டா, 2-இலிருந்து ஏறிய எட்டா? டாக்டர் என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இல்லை. அவளுக்கு மறுபடி வாரம் ஒன்றாக மூன்று வாரம் ஊசி போட்டார்கள். தேவையில்லாத ஊசியாகவே இருந்திருக்கலாம். மூன்றாவது வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர் சென்னை பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் இருந்தவர். டாக்டர் ஆர்.வி. ராஜம் வளர்த்தெடுத்த பிரிவு அது. ஊசி போடும் அதே நாளில் ரத்தம் எடுத்துவிட வேண்டும் என்பதில் அவர் கறாராக இருப்பார். சோதனைக்கும் ஊசிக்கும் நடுவில் சில நாள் போனால்கூட எண் ஏறிவிடக்கூடும். ஏறிய இடம் தெரியாமல் இறங்கியதை எப்படி அளப்பது?

ஊசியைப் பற்றியும் கொஞ்சம். பென்சதைன் பென்சிலின், 24 லட்சம் யூனிட். ஒவ்வொரு புட்டத்திலும் பாதிப் பாதி. வெள்ளைத் தூளில் தண்ணீர் சேர்த்துக் குலுக்கினால் கெட்டியான பால் மாதிரி ஆகும், மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். வலிக்கும், மறைப்பதில் பயனில்லை. நோய் தொற்றி ஒரு வருடத்துக்குள் என்றால் ஒரே ஒரு முறை. அதைத் தாண்டியது, அல்லது எப்போது தொற்றியது என்றே தெரியாதது என்றால் வாரம் ஒன்றாக மூன்று முறை. நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கணக்குப் பார்த்துச் சொல்வார். கர்ப்பிணிகள் என்றால் இடைவெளி விழவே கூடாது, விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

ஊசி போட்ட அன்று ராத்திரி சிலருக்குக் குளிர்காய்ச்சல் அடிக்கும், தலைவலி, உடம்பு வலி வரும், புள்ளிகள் இன்னும் சிவக்கும். கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது உடம்பு காட்டுகிற எதிர்வினை இது. பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். இதை மருந்து ஒவ்வாமை என்று நினைத்து, "எனக்குப் பென்சிலின் ஆகாது" என்று ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டு அடுத்த ஊசிக்கு வராமல் போனவர்கள் உண்டு. மூச்சுத் திணறல், முகவீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் அது வேறு, உடனே ஓட வேண்டும். கர்ப்பிணிகள் காய்ச்சலோடு வயிறு இறுகினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உண்மையிலேயே பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை உண்டு. ஆரம்ப நிலைக்குப் பதினான்கு நாள், நாள்பட்டதற்கு இருபத்தெட்டு நாள். கர்ப்பிணிக்கு அது கூடாது. மாத்திரை விஷயத்தில் யார் எத்தனை நாள் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அவர்களுக்கு மறுபரிசோதனை இன்னும் முக்கியம்.

எப்போது திரும்ப வர வேண்டும்? ஆரம்ப நிலை என்றால் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம். வெளியே எதுவும் தெரியாமல் ரத்தத்தில் மட்டும் இருக்கும் நிலை என்றால் இதோடு இருபத்துநான்காம் மாதமும். கூடவே ஹெச்ஐவி இருந்தால் 3, 6, 9, 12, 24 என்று நெருக்கமாக. நம் ஊரில் பல டாக்டர்கள் எல்லாரையுமே மூன்றாம் மாதம் வரச் சொல்வார்கள், அது நல்ல பழக்கம். சிபிலிஸ் கண்டுபிடித்த அன்றே ஹெச்ஐவி சோதனையும் செய்ய வேண்டும். மருத்துவமனையிலேயே இருக்கும் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்வார்கள், ஆலோசகர் உட்கார்ந்து பேசவும் செய்வார்.

ஒரே ஆய்வகம், ஒரே சோதனை. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஒரு லாரி டிரைவர் அண்ணாச்சி இருந்தார். எங்களிடம் விடிஆர்எல் 1:8. ஓட்டத்தில் இருந்தவர் அடுத்த பரிசோதனையை வடக்கே எங்கேயோ செய்துகொண்டார். அங்கே ஆர்பிஆர், 1:16. "ஏறிட்டே போகுது மேடம்" என்று அழாத குறையாக வந்தார். ஆர்பிஆர் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. எங்களிடமே மறுபடி விடிஆர்எல் செய்தோம், 1:2. இரண்டு படி இறங்கியிருந்தது. அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவேயில்லை.

சிலருக்கு எண் இறங்கும், ஆனால் பூஜ்யத்துக்கு வராது. 1:2 அல்லது 1:4-இல் நின்றுவிடும். வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். சரியாக மருந்து போட்டுக்கொண்ட பிறகும் இப்படி ஆவது உண்டு, தொற்றி நாள்பட்ட பிறகு ஊசி போட்டவர்களுக்கு அதிகம். மறுபடி தொற்றவில்லை என்று உறுதியானால் மேலும் மேலும் ஊசி போட்டுப் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. ஆனால் பழைய கதை தெரியாத புது டாக்டர் "ரியாக்டிவ்" என்று பார்த்தால் என்ன செய்வார்? ஊசி எழுதுவார். அவர்மேல் தப்பில்லை.

இங்கே ஓர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவன் வழியாக நோய் வந்தவர். அவருக்கு 1:4-இலேயே நின்றுவிட்டது. மூன்று ஊர்களில் மூன்று பேர் மூன்று தடவை ஊசி போட்டிருந்தார்கள். எங்கள் டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, ஒரு முழுத்தாளில் தேதியும் எண்ணும் போட்ட ஊசியும் வரிசையாக எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்தார். அந்த அக்கா அதை நாலாக மடித்துச் சமையலறையில் மஞ்சள்தூள் டப்பாவின் அடியில் வைத்திருந்தார். மாமியார் கண்ணில் படாத ஒரே இடம் அதுதானாம். ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தத் தாள் மஞ்சள் வாசனையோடு வரும். மடிப்புகள் கிழிந்து, எழுத்தெல்லாம் மஞ்சளேறி, ஆனால் எண்கள் படிக்கும்படி இருக்கும். நான் அடுத்த எண்ணைக் கீழே எழுதுவேன். அந்தத் தாள் வந்த பிறகு அவருக்கு யாரும் வீண் ஊசி போடவில்லை.

எண் இரண்டு படி ஏறினால், 4 இருந்தது 16 ஆனால், அது விளையாட்டில்லை. மறுபடி தொற்றியிருக்கலாம், அல்லது முதல் மருந்து பலிக்காமல் போயிருக்கலாம். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்று நினைக்கிறார்கள். இந்த நோய் எத்தனை முறை வேண்டுமானாலும் வரும். பெரும்பாலும் வருவது அதே வீட்டிலிருந்துதான்: ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு இன்னொருவரை விட்டுவிட்டால் அங்கிருந்து இங்கே திரும்பும். அதனால்தான் கூட்டாளியை அழைத்து வாருங்கள் என்று ஆலோசகர்கள் கெஞ்சுகிறார்கள். கடைசி மூன்று மாதத்தில் உறவில் இருந்தவர் என்றால் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் மருந்து போட்டுவிடுவதுதான் முறை, ஏனென்றால் ஆரம்பத்தில் ரத்தம் பொய் சொல்லும். ஊசி போட்ட பிறகு குறைந்தது ஏழு நாள், புண்கள் முழுக்க ஆறும் வரைக்கும், உறவு வேண்டாம்.

கூட்டாளியை அழைத்து வருவது எழுதுகிற அளவுக்கு எளிதல்ல என்று எனக்குத் தெரியும். மனைவி சொன்னால் அடி விழும் வீடுகள் இருக்கின்றன. அப்படிப்பட்டவர்களிடம் எங்கள் ஆலோசகர், "ரத்தத்துல சின்னக் கோளாறு, வீட்டுக்காரரையும் பார்க்கணும்னு டாக்டர் சொல்றார்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பேசிக்கிறேன்" என்பார். பேசியும் விடுவார்.

தேதி பார்த்துக் காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. பார்வை மங்குவது, கண் சிவந்து வலிப்பது, திடீரென்று காது மந்தமாவது, காதில் இரைச்சல், விடாத தலைவலி, முகம் ஒரு பக்கம் இழுப்பது, நடை தடுமாறுவது. கிருமி கண்ணுக்கோ காதுக்கோ நரம்புக்கோ போயிருக்கலாம். எந்தக் கட்டத்திலும் போகும். அதற்கு மருந்தே வேறு, மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாகப் பென்சிலின் ஏற்ற வேண்டும். முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்க்கவும் நேரலாம்.

கர்ப்பிணி என்றால் ஒவ்வொரு நாளும் கணக்கு. பிரசவத்துக்கு நான்கு வாரம் முன்பாவது தாய்க்கு ஊசி போட்டிருக்க வேண்டும். பிரசவத்தின்போது தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே சோதனையைச் செய்து எண்களை ஒப்பிடுவோம். தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்குள் இறங்கியிருக்கும், அதனால் குழந்தை ரியாக்டிவாக வந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. தாயைவிட இரண்டு படி கூடுதலாக இருந்தால் நோய் என்றே எடுத்துக்கொள்வார்கள். குறைவாக இருந்தாலும் கவலை விட்டது என்று ஆகிவிடாது. தாய்க்கு என்ன ஊசி, எப்போது போட்டது, குழந்தையின் உடம்பு எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழந்தையின் ரத்தம். தாயிடமிருந்து வந்தது என்றால் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். இந்தத் தாய்மார்கள் தடுப்பூசிக்கு வருவதுபோல் இதற்கும் வந்துவிட்டால் எவ்வளவோ நடக்கும். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள், தாயிடமிருந்து குழந்தைக்கு சிபிலிஸும் ஹெச்ஐவியும் பரவுவதை ஒழித்துவிட்டதாக 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. பெரிய மந்திரமெல்லாம் இல்லை. கர்ப்பிணிகளை ஒருவர் விடாமல் சோதித்து, மருந்து கொடுத்து, விடாமல் பின்தொடர்ந்தார்கள்.

"எத்தனை தடவைதான் ரத்தம் எடுப்பீங்க?" என்று கோபமாகக் கேட்பவர்களிடம் நான் சலித்துக்கொண்டதில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932-இலிருந்து 1972 வரை, சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களை அரசாங்க சுகாதாரத் துறையே பின்தொடர்ந்தது. "கெட்ட ரத்தம்" என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள், முதுகுத்தண்டு நீர் எடுத்தார்கள். பென்சிலின் வந்து ஊரெல்லாம் குணமான பிறகும் அவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. நோய் எப்படிக் கொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து, ரத்தம் எடுக்கும் முன்பே எதற்காக எடுக்கிறேன் என்று சொல்வதையும், வந்த எண்ணை அவர்களிடமே படித்துக் காட்டுவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். நம் ஊரிலும் "ரத்தம் கெட்டிருக்கு" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இருந்தது. நோயின் பெயரையும் அதன் எண்ணையும் தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

அந்தப் பையனைத் திங்கட்கிழமையே முன்பு ஊசி போட்ட மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். சீட்டு கிழிந்தாலும் ஆய்வகப் பதிவேடு இருக்கும், தேதி உத்தேசமாகச் சொன்னால் போதும் என்றேன். போயிருக்கிறான். அங்கிருந்த பெண் பழைய ரெஜிஸ்டர்களை இறக்கி, தூசி தட்டி, அரை மணி நேரம் புரட்டிக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஆர்பிஆர், 1:32. அதே இடத்தில் புதிதாக ரத்தம் கொடுத்தான். இப்போது 1:2. நான்கு படி இறங்கியிருக்கிறது. டாக்டர் கேட்டுப் பார்த்து, உரிய சிகிச்சை முடிந்தது, இப்போது நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டுக்காரர்கள் அதை ஏற்பார்களா என்பது இனிமேல்தான் தெரியும்.

சாயங்காலம் போன் பண்ணினான். பின்னால் பஸ் இரைச்சல்.

"அத்தை, இந்தத் தாளை எங்க வைக்கட்டும்? வீட்டுல எங்க வச்சாலும் அம்மா எடுத்துடுவாங்க."

"போட்டோ எடுத்து எனக்கு ஒண்ணு அனுப்பிடு. அசலை பாஸ்போர்ட் உறைக்குள்ள வை."

"சரி அத்தை" என்றான். கொஞ்ச நேரத்தில் போட்டோ வந்தது. அவசரத்தில் எடுத்தது, ஓரத்தில் அவன் கட்டைவிரல் விழுந்திருந்தது. எண்கள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன.